தவராணி சொன்ன தீவு

இலங்கையில் போர் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு சலவை ஆலையில் வேலை செய்யும் தவராணி, இந்தக் கோடை விடுமுறைக்கு மகளோடு தீவுக்குப் போவதாகக் கோயிலில் மெல்லச் சொன்னாள். யாழ்ப்பாணத்து வேலணைத் தீவில் பிறந்தவள் 'தீவு' என்றால் அந்தத் தீவைத்தானே நினைப்பார்கள்? அதைக் கேட்ட ஞானேஸ்வரி அக்கா மறுநாளே, ஊரிலிருக்கும் தன் தாய்க்குக் கொடுத்துவிட ஒரு பை சாமான்களோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, நான் சொன்ன தீவு மால்டா. வேலணை இல்லை."

"மால்டாவோ? அங்க உமக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்."

"நல்லாயிருக்கு! சனமெல்லாம் ஊருக்கு ஓடுது, உமக்குக் கடல்குளிப்புக் கேக்குதோ?"

வேறு நாளென்றால் தவராணி தலையைக் குனிந்துகொண்டு பையை வாங்கியிருப்பாள். இத்தனை வருஷ விடுமுறையும் பிறர் வீட்டுக் கலியாணங்களிலும் செத்தவீடுகளிலும் போயிருந்தது. போர்க்காலத்தில் தம்பி காணாமல்போன ஊர்க் கரையில் கால்வைக்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனாலும் பயமில்லாமல் ஒரு கடலில் இறங்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

பையை அக்காவின் பக்கம் தள்ளினாள்.

"ஊருக்குப் போகேக்க நானே வந்து வாங்கிறன். இந்த முறை மால்டாதான். டிக்கெட்டும் போட்டாச்சு."

டிக்கெட் இன்னும் போடவில்லை. அக்கா படியிறங்கியதும் மகளைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள்.