முட்டுக் கொடுத்த கிளை

விழப்போகிற கிளைக்குப் பயப்படுவதா, அதை அறுக்கப்போகிற மிஷினுக்குப் பயப்படுவதா? எது பெரிய பயம் என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

மாரிகுப்பத்தில் எங்களுடையது தங்கச் சுரங்கம் ஓடிய காலத்துத் தொழிலாளர் லைன் வீடு. ஷீட் கூரை. பின்னால் சின்னத் தோட்டம், அதன் மூலையில் ஒரு நீலகிரித் தைல மரம். அதன் பெரிய கிளை ஒன்று உள்ளறைக் கூரைக்கு மேலே நீண்டிருக்கிறது. என் நாலு வயது மகள் மத்தியானம் தூங்குவது அந்த அறையில்தான். போன ஆடியில் வேறொரு கிளை முறிந்து வாழையின் மேல் விழுந்தது. அப்போது காற்றுகூட நின்றுபோயிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

கோடாலிக்காரர்களை அழைத்துக் காட்டினோம். வெட்டுகிற அதிர்விலேயே கிளை மொத்தமாகக் கூரையில் விழும், நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துத்தான் இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் கணவர் பெங்களூர் போனபோது, பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மிஷின் ஒன்றைக் கடையில் பார்த்துவிட்டு வந்தார். அவருக்குத் தொழிற்சாலையில் லேத் வேலை.

"இரும்பையே சீவறேன். மரம் இன்னா பெரிய விஷயம்?" என்றார்.

"லேத்து தரையில நிக்குதுங்க. நீங்க ஏணி மேல நிப்பீங்க."

"ஒரு வாட்டி வாங்கினா காலத்துக்கும் இருக்கும்."

"எது? மிஷினா, உங்க கையா?"

"மிஷினே வேணாம். உன் வாயைக் காட்டினா கிளை தானா இறங்கிடும்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழிற்சாலையில் ஒருவர் மிஷின் ஓட்டினால் ஸ்விட்ச் பக்கத்தில் இன்னொருவர் நிற்பாராம். வீட்டில் அந்த இன்னொருவர் நான்தானே?

மாமா, என் கணவரின் அப்பா, சுரங்கத்தில் மரவேலை செய்து ஓய்வு பெற்றவர். தலைக்கு மேலிருக்கும் பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"மேல நிக்கறத எதுக்குடா வெட்டறே? முட்டுக் குடு, நிக்கும்."

"நைனா, இது சுரங்கத்து லெவல் இல்ல, தோட்டம்."

"எங்க இருந்தா இன்னா? மேல கீறது மேலதான்."

அன்றே ஒரு தடித்த கழியைக் கிளைக்கு அடியில் நிறுத்தி, இடைவெளியில் ஆப்பு வைத்து அடித்தார். தினமும் காபி குடித்ததும் கடப்பாரையின் மழுங்கின முனையால் கழியைத் தட்டி, சுரங்கத்தில் செய்தது போலவே காது கொடுத்துக் கேட்பார். "சத்தம் நல்லா கீதும்மா. பாப்பாவைத் தூங்க வை," என்பார். யாரும் ஏணி ஏற வேண்டாம் என்ற நிம்மதியில் நானும் தூங்க வைத்தேன். படித்தவள், கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அடுத்து வந்த பெருங்காற்றில் கிளை மேலெழுந்து இறங்கியது. ஆப்பு தெறித்துப் போய் மகளின் சொப்புச் சாமான்களுக்கு நடுவே கிடந்தது. அவள் அந்த நேரம் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா ஆப்பைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"பாறை ஆடாதும்மா," என்றார். "இது ஆடுது."

ஆனாலும் மறுபடி அடித்து வைத்தார். கழியை எடுத்தால் என்ன ஆகுமோ என்று இப்போது அவருக்கும் பயம். கிளை கழியின் மேல் சாய்ந்து பழகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். மகளோ அந்தக் கழியைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா தூண், தாத்தா தூண்" என்று சுற்றுகிறாள். தோட்டத்துக் கதவைத் தாழிட்டேன். அவளுக்குத் தாழ் எட்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. படுக்கையை முன்னறைக்கு மாற்றினேன். அந்தக் கூரையும் அதே ஷீட்தான், கிளையின் நுனி அதுவரை எட்டுமா என்று நின்று நின்று பார்க்கிறேன்.

"நீ வேணாம்னா வாங்கல," என்கிறார் கணவர். "ஆனா வேணும், வேணாம், ரெண்டுல ஒண்ணு சொல்லிடு. ஆடி வருது." மாமாவும் இப்போது என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

வீட்டில் இந்த மிஷினைக் கையாண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். லேத் பழகிய கைக்கு இது பிடிபடுமா? கழியை எடுத்துவிட்டு அறுப்பதா, அது இருக்கும்போதே அறுப்பதா? மாமாவுக்கு வயதாகிவிட்டது. ஏணியை நான் பிடித்துக்கொண்டால் குழந்தையை யார் பிடித்துக்கொள்வது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.