பௌர்ணமி அன்று கடையை விட்டுப் போனவன்

உண்ணாமலையின் இட்லிக் கடை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமி அன்றைக்கு மட்டும் அங்கே ஆள் பற்றாது. அதனால்தான் சில மாதமாகச் சுப்பிரமணியை வரவிட்டிருந்தாள். கடைக்குத்தான், வீட்டுக்கு இல்லை.

சுப்பிரமணி அவள் புருஷன். போன வருஷம் பருப்பு மத்தால் அவள் இடது மணிக்கட்டை உடைத்தவன். உடைந்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவளை அங்கிருந்த நர்ஸ் ஆலோசனை மையத்துக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து அவன் கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறான். குடியை நிறுத்த மாத்திரை, வாரம் ஒரு நாள் மையத்து மதிவதனி மேடத்திடம் பேச்சு. எல்லாம் குடியால் வந்தது என்று அவன் சொன்னபோது, குடிக்காத நாளில் அடித்ததே இல்லையா என்று மேடம் கேட்டார். உண்ணாமலை வாயைத் திறப்பதற்குள் அவனே தலையைக் குனிந்துகொண்டான். மாறிவிடுவாரா என்று இவள் கேட்டதற்கும் மேடம் சுற்றி வளைக்கவில்லை. சிலர் மாறுகிறார்கள், பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், நான் எழுதிக் கொடுக்க முடியாது என்றார்.

அவன் மேல்தட்டு டப்பாவுக்குக் கையைத் தூக்கினால் இவள் தோள் தானாகக் குறுகிக்கொள்ளும். வந்த முதல் நாளே அதை அவன் பார்த்துவிட்டான். அதிலிருந்து, "உண்ணா, டீத்தூள் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கையைத் தூக்குவான். பக்கத்துப் பூக்கடை மணியம்மாளுக்கு இது பெரிய சிரிப்பு. "இன்னாடி, உன் புருஷன் பஸ் கண்டக்டர் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் குரல் குடுக்கிறான்" என்பாள்.

இந்தப் பௌர்ணமி மாலை, கூட்டம் கடையை மொய்த்த நேரத்தில், அந்த இடது கை சாம்பார் குண்டானைத் தாங்கவில்லை. நழுவி, அத்தனையும் அடுப்பில் கொட்டியது. ஒரே புகை. பார்சலுக்கு நின்றவன் ஒருவன் கத்தினான். சுப்பிரமணியின் தாடை இறுகியது. அந்தத் தாடையை அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். கையிலிருந்த தோசைக் கரண்டியை அவன் மேசைமேல் வைத்தான். செருப்புகூடப் போடாமல் பாதையில் இறங்கிக் கூட்டத்தோடு கலந்துவிட்டான்.

கோபம் வந்தால் எழுந்து வெளியே நட, பத்து நிமிஷம் கழித்து வா என்று மேடம் சொல்லிக்கொடுத்தது அவளுக்கும் தெரியும். பத்து நிமிஷம் போனது. பொழுது சாய்ந்து நிலாவும் ஏறியது. மணியம்மாளே வந்து எச்சில் இலை எடுத்தாள். சரக்கடிக்கப் போயிருப்பான், அதுக்கா இத்தனை மாத்திரை என்றாள். உண்ணாமலை வெறும் சட்னியை வைத்துக்கொண்டே கடையை ஓட்டினாள். மேடத்துக்குப் போன் போட்டு, இனி கடைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

கடைசி ஈடு இட்லியை இறக்கும்போது அவன் வந்தான். போன பக்கமிருந்து அல்ல, எதிர்ப்பக்கமிருந்து. நொண்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு.

அவள் கிட்டே போய் முகர்ந்து பார்த்தாள். வேர்வைதான்.

"எங்க போனீங்க?"

"நடக்கத்தான் இறங்கினேன். கிரிவலத்துல பாதியில திரும்பக் கூடாதில்ல, குத்தமாயிடும். அப்படியே நடந்துட்டேன்."

"மலையையே சுத்திட்டு வந்தீங்களா?"

"வாயு லிங்கம் வரைக்கும் உன் மேல கோவம். குபேர லிங்கத்துல, பார்சலுக்குக் கத்தினானே, அவன் மேல. அக்னி லிங்கத்துக்கிட்ட கால் கொப்புளிச்சிடுச்சு. அப்புறம் உன் கை நெனப்புதான். அந்தக் கையால குண்டானைத் தூக்க விட்டுட்டேனே."

மணியம்மாள் பூக்கூடையை மூடிக்கொண்டே சொன்னாள்: "அந்த மேடம் சொன்னதுக்கு மேல ஜாஸ்தியாவே செய்றான்."

உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி அவன் கால்மாட்டில் வைத்தாள்.

கால்களை நனைத்தபடி அவன் கேட்டான். "உண்ணா, இன்னிக்கு வீட்டுக்கு..."

"இல்ல. கடைசி பஸ்ஸைப் புடிச்சு அண்ணன் வீட்டுக்குப் போங்க." காலி இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "அடுத்த பௌர்ணமிக்கு வாங்க. கோவம் வந்தா பாதையில இறங்காதீங்க, கடைக்குப் பின்னால கொல்லையில நடங்க. அங்க எத்தனை தடவ வேணா திரும்பலாம்."

அவன் தலையாட்டினான். "துண்டை எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மேலே கொடிக்குக் கையைத் தூக்கினான். அவள் தோள் குறுகத்தான் செய்தது. முன்னைவிடக் கம்மியா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறிப்போன பேசினில் இன்னொரு செம்பு வெந்நீர் ஊற்றினாள்.