பிஸ்கட்டுக்குப் படித்த வகுப்பு

மலாயாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம். தொழிலாளர் லய வீடுகளையும் பள்ளியையும் சுற்றி முள்கம்பி வேலி. கேட்டில் போலீஸ்காரர்கள் சோதிப்பார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள்.

என் வகுப்பில் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயம். பரிசு கொடுத்தால் பிள்ளைக்கு ஆர்வம் வரும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சரியான பதிலுக்கு ஒரு பிஸ்கட் என்றேன். மறுநாளே கைகள் உயர்ந்தன.

அதிகம் வாங்கியவள் ஒரு பத்து வயதுப் பெண். அவள் ஒன்றைக்கூடத் தின்று நான் பார்த்ததில்லை.

ஒரு மதியம் கேட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வெளியே புல் வெட்டும் தன் அம்மாவிடம் போகக் கிளம்பிய அந்தப் பெண்ணின் பாவாடை முடிச்சில் மூன்று பிஸ்கட்.

"யார் கொடுத்தது?" போலீஸ்காரர் மலாயில் கேட்டார்.

"நான்தான்." என் பெயரை எழுதிக்கொண்டு எங்களை விட்டார். அதன்பின் ஜீப் சத்தம் கேட்டாலே என் கையில் சாக்பீஸ் நின்றுவிடும்.

பிஸ்கட்டை நிறுத்தினேன். கைகளும் இறங்கிவிட்டன. "இன்னிக்கும் பிஸ்கட் இல்லையா டீச்சர்?" என்று கேட்ட பையன், அப்புறம் பலகையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். அந்தப் பெண் மூன்று நாளாக வரவில்லை. என்னால்தானே என்று தோன்றியது. அவள் வீட்டுக்கே போனேன்.

"அழுதுகிட்டே கெடக்குறா டீச்சர்," என்றாள் அம்மா. "கேட்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்காம் லா. பள்ளிக்கூடம் போறவளுக்கு அதப் படிக்கத் தெரியாதான்னு வேல வாங்குற மண்டோர் ஏசிட்டாரு."

உள்ளேயிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "அதுல என்னா எழுதியிருக்கு டீச்சர்?"

அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மறுநாள் அந்த நோட்டீஸின் தமிழ் வரிகளைப் பலகையில் எழுதினேன்: உணவுப் பொருள் எதையும் கேட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. யாராவது பார்த்து ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கப்பா தேத்தண்ணி கொண்டுபோறதும் தப்பா டீச்சர்?" என்று அந்தப் பையன் கேட்டான். பிஸ்கட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் கேட்டருகே நின்று, விரலை வைத்து, திக்கித் திக்கி நோட்டீஸை வாசித்தாள். அம்மாவும் நாலைந்து பெண்களும் கேட்டார்கள். போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தள்ளி நின்றேன்.

"இன்னொரு தடவ படி," என்றாள் அம்மா.