பதினேழாம் நம்பர் குழாய்

போன மாதம் நெல்லித்தோப்பில் ஓர் அலர்ஜி டாக்டரிடம் போயிருந்தேன். எழுந்ததும் பத்துத் தும்மல், குளித்ததும் பத்து என்று வீட்டில் மானம் போய்க்கொண்டிருந்தது. அவர் என் முன்னங்கையில் பேனாவால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு சொட்டு மருந்து விட்டு, ஊசியால் லேசாகக் குத்தினார். வீட்டுத் தூசு, கரப்பான், பூனை முடி, புல், இன்னும் என்னென்னவோ. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரே ஒரு கட்டம் மட்டும் கொசு கடித்த மாதிரி தடித்துச் சிவந்திருந்தது. டாக்டர் பட்டியலில் விரலை ஓட்டி, "சவுக்கு. சவுக்குப் பூத்தூள் உங்களுக்கு ஒத்துக்கல சார். நம்ம பக்கம் எங்க பாத்தாலும் அதானே இருக்கு" என்றார்.

சவுக்கு என்று கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். என் பயமெல்லாம் முதலில் வயிற்றுக்குத்தான் போகும், பிறகுதான் மூளைக்குத் தகவல் வரும். நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மயக்கமா வருதா சார்?" என்றார். மயக்கமில்லை, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் வருகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல முடியும்? உங்களிடம் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பி.ஏ. முடித்துவிட்டு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மூன்று மாதம் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்துக்குப் பயந்து அதை விட்டேன். பிறகுதான், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஓர் ஆராய்ச்சி மையத்தில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று தெரிந்து போய்ச் சேர்ந்தேன். ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன மையம். பெயர் எதற்கு, அது இப்போது இல்லை. பழைய பிரெஞ்சுக்காரர் வீடு, ஆளை விட இரண்டு மடங்கு உயரக் கதவுகள். உள்ளே நுழைந்தால் அந்துருண்டை வாசனை, பழைய காகித வாசனை, அதற்கு மேலே மூக்கைச் சுருக்கவைக்கும் ஒரு ரசாயன நெடி. அந்த நெடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அங்கே யார் எதை ஆராய்வது என்பதற்கு வரைமுறையே கிடையாது. கீழ்த்தளத்தில் பாலசுந்தரம் ஐயா, கல்வெட்டுக்காரர். கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி மை ஒற்றி எடுத்த பிரதிகள் அவர் அறைச் சுவரெல்லாம் தொங்கும். எதிர் அறையில் முசே அந்துவான், பெயர்தான் பிரெஞ்சு, ஆள் உள்ளூர்த் தமிழர். முசே என்றால் எங்கள் ஊர்ப் பழைய ஆட்களுக்கு 'ஐயா'. அவர் குப்பம் குப்பமாகப் போய் மீனவர்கள் படகுக்கும் வலைக்கும் காற்றுக்கும் சொல்லும் சொற்களை அட்டையில் எழுதி மரப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். மொட்டை மாடி அறையில் கணக்கு சார். முடிச்சுகளைப் பற்றிய கணிதம் என்று சொன்னார்கள். நான் அவர் அறையில் ஒரு முழம் கயிறுகூடப் பார்த்ததில்லை.

ஒருவருக்கு இன்னொருவர் வேலை வேலையாகவே தெரியாது. "மீனு பிடிக்கறவங்க பேசறத எழுதிவெக்கறதும் ஒரு ஆராய்ச்சியா?" என்பார் ஐயா. "எவனோ கோயில்ல வெளக்கேத்திட்டு கல்லுல எழுதிட்டுப் போனான், அத இவரு பேப்பர்ல எழுதறாரு" என்பார் முசே. இருவரும் என்னிடம்தான் சொல்வார்கள். எல்லாருடைய எழுத்தையும் படித்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். காலையில் சோழர் காலத்து விளக்கு, மத்தியானம் கட்டுமரம், சாயங்காலம் முடிச்சு. எதுவும் புரியாது, ஆனால் எல்லாவற்றையும் எழுத்துப் பிழையில்லாமல் அடிப்பேன்.

முதல் மாடியில் ஷமீம் அக்கா. ஊர்க்காரர்தான், அத்தா என்று அவர் கூப்பிடும் அப்பா மார்க்கெட் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அக்காவின் ஆராய்ச்சி சேறு. ஓர் ஏரிப் படுகையில் நீளக் குழாயை இறக்கி எடுத்த சேற்றை அடுக்கடுக்காக அறுத்து, கண்ணாடிக் குழாய்களில் நம்பர் போட்டு வைத்திருந்தார். அடியில் போகப்போகக் காலம் பின்னால் போகும். பூத்தூள் மட்டும் மண்ணுக்குள் அழியாதாம். அதை மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் என்ன மரம் நின்றது என்று சொல்லிவிடலாம். ஆய்வேட்டை அந்த வருஷத்துக்குள் கொடுத்துவிட்டால் பாரிஸில் அவருக்கு ஒரு வேலை காத்திருந்தது. அந்தக் கடிதத்தைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிவார்.

மண்ணைக் கரைத்துப் பூத்தூளைப் பிரிக்க ஓர் அமிலம். தோலில் பட்டால் முதலில் வலிக்காது, உள்ளே போய் எலும்பைத் தின்னும் என்று அக்கா ஒரு தடவை சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் அந்த அறைக்குள் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டுதான் போனேன். அக்காவுக்கோ வேறு பயம். பக்கத்துப் பங்களா தோட்டத்தில் நான்கு சவுக்கு மரங்கள் எங்கள் ஜன்னலை விட உயரமாக நின்றன. வெளிப் பூத்தூள் ஒன்று உள்ளே வந்தாலும் எல்லாம் பாழ். அதனால் ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருக்கும். தலையில் பூ வைத்துக்கொண்டு யாரும் உள்ளே வரக்கூடாது.

அந்த மத்தியானம் அக்காவின் அத்தாவுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியவில்லை என்று போன் வந்தது. அக்கா குழாய்களை மூடிக்கொண்டே வந்தவர், பதினேழாம் நம்பரை மூடாமல் அப்படியே எழுந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் வர்ற வரைக்கும் இங்கயே உக்காரு. எதையும் தொடாத. ஜன்னல தொறக்காத. வந்துட்றேன்."

உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு நெடி வந்ததா, வந்ததாக நினைத்துக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியாது. திறந்து கிடந்த அந்தக் குழாயிலிருந்துதான் வருகிறது என்று தோன்றியது. தொண்டை கரகரத்தது. எலும்பு ஞாபகம் வந்தது. வெளியே ஓடினால் வேலை போகும், உட்கார்ந்திருந்தால் உயிர் போகும் என்று என் வயிறு தீர்ப்புச் சொன்னது. எழுந்து, டேப்பை மெதுவாக உரித்து, ஜன்னலைத் திறந்தேன். கடல் காற்று உள்ளே வந்தது. என்ன சுகம் தெரியுமா? இருபது நிமிஷம் முகத்தை வெளியே நீட்டி நின்றேன்.

படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி டேப்பை அழுத்தினேன். ஜன்னல் கட்டையில் துரு நிறத்தில் ஒரு தூள் படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அத்தாவுக்குப் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே அக்கா பதினேழுக்கு மூடி போட்டார்.

இரண்டு வாரம் கழித்து என்னை மாடிக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "பதினேழுல சவுக்கு இருக்கு தம்பி. நாப்பத்தொண்ணு எண்ணிட்டேன். ஆயிரம் வருஷத்து மண்ணு அது. சவுக்கு வெள்ளக்காரன் காலத்துலதான் இங்க வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். அப்புறம் என் கண்ணைப் பார்த்து, "அன்னிக்கு ஜன்னல யாராச்சும் தொறந்தாங்களா?" என்றார்.

"இல்லக்கா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். அக்கா மூச்சு விட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நரகம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே சவுக்கு நின்றது என்ற செய்தி கீழ்த்தளத்துக்கு இறங்கியது. பாலசுந்தரம் ஐயா செருப்புப் போடாமல் மாடியேறி வந்தார். அந்த மரம் கீழ்த்திசைத் தீவுகளில் வளர்வது, அந்தக் காலத்தில் நம் கப்பல்கள் அங்கே போயிருக்கின்றன, மாலுமிகள் விதை கொண்டுவந்திருக்கலாம் என்று அவருக்கு ஒரே பரபரப்பு. முசே பெட்டி பெட்டியாக அட்டைகளைப் புரட்டி, தீவுகளிலிருந்து வந்திருக்கக்கூடிய படகுச் சொற்களைத் தேட ஆரம்பித்தார். ஒருவரையொருவர் ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் தினமும் நாலு மணிக்கு மொட்டை மாடியில் ஒன்றாக டீ குடித்தார்கள். கணக்கு சார்கூட அறையை விட்டு வெளியே வந்தார். முசே படகுக் கயிற்றில் ஒரு முடிச்சைப் போட்டுக் காட்ட, அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். நாலு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுவதாக முடிவானது.

டீத் தட்டோடு நான் நடுவில் நின்றிருப்பேன். அவர்கள் சந்தோஷமாகப் பேசப்பேச எனக்கு உடம்பு வேர்க்கும். யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே தெரிந்துவிட்டது என்று நினைப்பேன். கைக்குட்டையை மூன்று தடவை துவைத்தும் நிம்மதியில்லாமல் கடலில் போட்டேன். ஒரு மாதத்தில் என் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனது. கட்டுரை அச்சாகி வெளியே போய், எங்கேயோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்தால் அக்கா கதி என்ன? சொன்னால் என் கதி என்ன? பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் நின்றேன்.

ஒரு நாள் கணக்கு சார் என் மேஜை முன்னால் வந்து நின்றார். அதுவரை என்னிடம் அவர் பேசியதே இல்லை.

"பதினாறுல இல்ல. பதினெட்டுலயும் இல்ல. பதினேழுல மட்டும் நாப்பத்தொண்ணு. மரம் வந்து பூத்துட்டு அப்படியே காணாமப் போயிடுமா?"

"தெரியல சார்."

"அன்னிக்கு அந்த ரூம்ல யாரு இருந்தா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். மனசாட்சி உறுத்தியதால் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பிடிபடப் போகிறேன் என்ற பயத்தில்தான் சொன்னேன். படியேறிப் போனபோது அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்.

"அக்கா, அன்னிக்கு ஜன்னல நான்தான் தொறந்தேன்."

அவர் தலை நிமிரவில்லை. குனிந்தபடியே, "எவ்ளோ நேரம்?" என்றார்.

"இருவது நிமிஷம் இருக்கும்."

"எதுக்கு?"

"ஆசிட் வாசன வந்துச்சுக்கா. பயந்துட்டேன்."

"அதுல ஆசிட்டே இல்லப்பா. மூணு தடவ கழுவியாச்சு. வெறும் தண்ணிதான் இருந்துச்சு."

பிறகு நோட்டை எடுத்து, எந்த ஜன்னல் கதவு, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் பசை தடவிய கண்ணாடித் துண்டை அதே ஜன்னலில் இருபது நிமிஷம் வைத்து, அதில் விழுந்த சவுக்குத் தூளை எண்ணினார். நாலு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ச் சொன்னார்.

"அது வெளியிலேருந்து வந்தது. ஜன்னல் தொறந்திருந்துச்சு."

பாலசுந்தரம் ஐயா டம்ளரைக் கீழே வைத்தார். "யாரும்மா தொறந்தது?"

"நான்தான் ஐயா. என் தப்புதான்."

கணக்கு சார் என்னைப் பார்த்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் போதும், நாக்கு எழவில்லை. ஒவ்வொருவராக அவரவர் அறைக்குப் போனார்கள்.

படியில் அக்காவை வழிமறித்து, எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்கிட்ட ஒரு தடவதான் கேட்டேன். குழாய்னா மூணு தடவ எண்ணுவேன். மனுஷன்னா ஒரு தடவ போதும்னு விட்டுட்டேன். அது என் தப்புதானே" என்றார். குரலில் கோபமே இல்லை. அந்த வீட்டில் நான் மிகவும் பயந்தது அந்த நிமிஷம்தான். மறுநாளிலிருந்து அக்கா வெளியே போகும்போதெல்லாம் அவர் அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி அவர் கைப்பையில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

எல்லாக் குழாய்களையும் முதலிலிருந்து செய்யும்படி அவருடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். மேலும் ஒரு வருஷம் போனது. பாரிஸ் வேலைக்கு வர இயலாது என்ற கடிதத்தை டைப் அடித்தது நான்தான். நாலு மணி டீயும் நின்றது. ஐயா அவர் அறையில் குடித்தார், முசே அவர் அறையில் குடித்தார். கணக்கு சார் டீயையே விட்டுவிட்டார்.

இப்போது அந்த வீடு ஓட்டல். வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாலசுந்தரம் ஐயா காலமாகிவிட்டார். முசே மகளோடு பிரான்ஸ் போய் அங்கேயே முடிந்துவிட்டார் என்று கேள்வி. கணக்கு சார் எந்த ஊர் என்றுகூட நான் கேட்டு வைத்ததில்லை. ஷமீம் அக்கா அந்தக் காலத்திலேயே ஊரை விட்டுப் போய்விட்டார். வளைகுடாவில் எங்கோ பாடம் நடத்துகிறார் என்று ஒருவர், இல்லை என்று ஒருவர். அந்த மொட்டை மாடியில் நின்ற நாலு பேர் முன்னாலும் "நான்தான் தொறந்தேன்" என்று சொல்ல இன்றைக்கு எனக்கு நாக்கு எழும் என்றே நினைக்கிறேன். கேட்க ஒருவர்கூட இல்லை.

அக்காவின் ஆய்வேடு மட்டும் ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கும். அதையும் நான்தான் அடித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது: பதினேழாம் மாதிரி, ஆய்வாளர் ஜன்னலைத் திறந்துவைத்த கவனக்குறைவால் நீக்கப்பட்டது. அந்த 'ஆய்வாளர்' என்ற ஒரு சொல்லை மாற்ற எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. விரல்களைச் சாவிப்பலகை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் எழுதிக் கொடுத்தபடியே அடித்து, ஐந்து பிரதி எடுத்துக் கொடுத்தேன். அக்கா அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார்.