லேமினேஷன் போட்ட பங்குச் சான்றிதழ்

நஃபீசா அக்காவுக்கு டீ கொடுத்தால் தன் டம்ளரைப் பார்த்துவிட்டு, உங்கள் டம்ளரையும் ஒரு பார்வை பார்ப்பார். இரண்டும் ஒரே டீதானா என்று அவருக்குத் தெரிய வேண்டும். இரும்புலியூரில் எனக்கு எதிர்வீடு என்பதால் அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது. எரிச்சல் வராது என்று சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்கள். பள்ளிச் சீருடை தைக்கும் சங்கம். உறுப்பினருக்கு மட்டும்தான் வெட்டிய துணி தருவார்கள். சேர்ந்தபோது ஆளுக்கொரு பங்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். நான் என்னுடையதைப் பழைய புடவைகளுக்கு அடியில் செருகினேன். அக்காவோ அன்றைக்கே தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போய் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தார்.

"முன்னால என் பேரு கீது. பின்னால காலியா வுட்டு வெச்சிருக்காங்க. நாளைக்கு எவளாவது அதுல எதையாவது எழுதிட்டா இன்னா பண்றது மேரி?"

நாங்கள் கேலி செய்தோம். ஆனால் அவர் பேரில் இருந்தது அது ஒன்றுதான். வீடு கணவர் பேரில் இருந்தது. அவர் மறைந்ததும் மகன் ஷாகுல் பேருக்குப் போனது. கேஸ், கரண்ட் எல்லாமே அப்படித்தான்.

போன வருடம் அக்காவுக்குக் கண்ணில் பிரஷர் என்றார்கள். பார்வை மங்கிக்கொண்டே போனது. துணியை அவர் வாங்கி வருவார், மருமகள் மெஹ்ரீன் தைப்பாள். இது கொஞ்ச நாள் ஓடியது. பிறகு சங்கத்து மேற்பார்வையாளர் வீடு வீடாக வந்து, மெஷினில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க ஆரம்பித்தார். உறுப்பினர் தைக்காவிட்டால் துணி கிடையாது. பங்கை மெஹ்ரீன் பேருக்கு மாற்றினால்தான் வேலை தொடர்ந்து கிடைக்கும்.

"எங்க வூட்டுக்கு மட்டும் ஏன் மொதல்ல வந்தாங்க? யாரு சொல்லிக் குடுத்திருப்பா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். கண் மெஹ்ரீன் பக்கம் போனது. பிறகு என் பக்கம் வந்தது. எனக்குச் சுருக்கென்றது.

மூவரும் சங்கத்துக்குப் போனோம். செயலாளர் கோகிலவாணி சான்றிதழை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பங்கு கைமாறினால் அதைப் பின்பக்கத்தில் எழுதி முத்திரை குத்த வேண்டும். பிளாஸ்டிக்கில் மை எங்கே நிற்கும்?

"இது சேதமாயிடுச்சுன்னு எழுதிக் குடுங்க அக்கா. வேற தர்றோம், அதுல மாத்திக்கலாம்."

"சேதமா? உங்க சங்கத்துலயே சேதமாகாத ஒரே சர்டிபிகேட் இதுதான் மேடம்."

என்னுடையதைப் பூச்சி அரித்திருந்தது.

அக்கா பேனாவைத் தொடாமல் கேட்டார்: "பழசு செல்லாதுன்னு நானே எழுதிக் குடுத்துடறேன். புதுசு வர்ற வரைக்கும் நான் யாரு?"

கோகிலவாணி சிரிக்கவில்லை. "காகிதம் அத்தாட்சிதான் அக்கா. உறுப்பினர் பதிவேட்டுல பேர் இருக்கறதாலதான் நீங்க உறுப்பினர். காகிதம் எரிஞ்சாலும் அந்தப் பேர் போகாது. நீங்க கையெழுத்துப் போட்டு, குழு தீர்மானம் போட்டாதான் மாறும்."

"அப்போ அதைக் காட்டுங்க."

கேட்டால் காட்ட வேண்டும் என்பது சங்கத்து விதி. பதிவேடு வந்தது. மெஹ்ரீன் குனிந்து படிக்கப் போனாள். "நீ இரு. மேரி, நீ படி" என்றார் அக்கா. அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது. அவருடைய துணியை அத்தனை நாளும் தைத்தவள் அவள். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனாலும் படித்தேன். அந்த வரியின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் அக்கா கையெழுத்துப் போட்டார்.

குழு ஒப்புதல் தந்தது. மெஹ்ரீன் பேர் பதிவேட்டில் ஏறிய அன்றும் மூவரும்தான் போனோம். சான்றிதழ் அவள் கைக்கு வந்ததும் அக்கா வழக்கம்போல் கையை நீட்டினார்.

"குடு, பீரோவுல வெக்கறேன்."

"வேணாம் மாமி. என் பேர்ல இருக்கறது என்கிட்டயே இருக்கட்டும்."

குரலில் கோபம் எதுவும் இல்லை. கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். மூடிய ஜிப்பை மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அக்காவின் நீட்டிய கை அப்படியே இருந்தது. நான்தான் அதைப் பிடித்து அவரை ஆட்டோவில் ஏற்றினேன். மெஹ்ரீன் அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள், பை மடியில் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலில் அக்கா என் காதருகே குனிந்தார்.

"நல்லா இறுக்கித்தான் புடிச்சிருக்கா மேரி. எவளும் எடுக்க முடியாது" என்றார். கொஞ்சம் கழித்து, "நான்கூட" என்றார்.