டத்தோவுக்கு இடது கை

கஸ்தூரி ஆயுளில் பாதியை ஒரு பூதக்கண்ணாடி விளக்கின் கீழே கழித்தவள். சிம்பாங் ரெங்கத்தில் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போவாள். அங்கே நாள் முழுக்க மின்னணுப் பலகைகளைக் கையிலெடுத்துப் பார்த்து, எதில் பழுது, எந்த இடத்தில் பழுது என்று குறித்துக்கொடுக்க வேண்டும். இருபத்தேழு வருஷம் அதைச் செய்தாள். அறுபது வயதானதும் ஒரு கேக்கை வெட்டி, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் சிங்கப்பூரில் வேலை. வீட்டுக்காரர் ஜெயபாலன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் முகத்தைக் காட்டுவார். சும்மா இருப்பது சுகம் என்று சொன்னவர் யாரோ, அவர் கஸ்தூரியைப் பார்த்ததில்லை. மூன்று மாதத்தில் வீட்டில் துடைக்க ஒரு ஜன்னல் பாக்கியில்லை.

அவளுக்கு ஓர் அக்கா, புஷ்பவள்ளி. தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் அக்காவுக்குப் பத்தாமல் போன சீருடைதான் கஸ்தூரிக்கு. அக்கா தேய்த்துப்போட்ட சப்பாத்து, அக்கா ஓரம் மடித்த பாடப் புத்தகம், எல்லாம் அப்படித்தான். கல்யாணமான பிறகும் வழக்கம் மாறவில்லை. பொந்தியானில் அக்கா வீட்டுக்குப் புது சோபா வந்தால், பழைய சோபா லாரி ஏறி சிம்பாங் ரெங்கத்துக்கு வந்துவிடும். வேண்டுமா என்று அக்கா கேட்டதில்லை. வேண்டாம் என்று இவளும் சொன்னதில்லை.

அந்த அக்கா ஒருநாள் காலையில் போன் செய்தாள். பொந்தியான் வீட்டை விற்றாயிற்று, ஜொகூர் பாருவில் மகனோடு அடுக்குமாடிக்குப் போகிறாளாம். பதினொரு வருஷமாக வளர்த்த ஆண் பூனையை மட்டும் அங்கே கொண்டுபோக முடியாது. அது எல்லாரையும் கடிக்கும், பேரப்பிள்ளை இருக்கிற வீடு. பாசாரில் மீன்கடைப் பக்கம் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றாள். வயசான பூனை பாசாரில் எத்தனை நாள் பிழைக்கும் என்பது கஸ்தூரிக்குத் தெரியும். அதைவிட, சின்ன வயதில் பூனை வேண்டும் என்று கேட்டு அடி வாங்கியவள் அவள். யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"நான் வச்சிக்கிறேன், அக்கா."

சனிக்கிழமையே ஜெயபாலனின் வேனில் போய்க் கூட்டிவந்தாள். கூட்டிவந்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. இரண்டு துணிக்கூடைகளைக் கவிழ்த்து ராஃபியா கயிற்றால் கட்டி, நடுவில் சீறிக்கொண்டிருந்த ஒரு செம்பட்டை உருண்டையைத் தூக்கிவந்தார்கள். தடித்த கழுத்து, கிழிந்த இடது காது. அதன் பெயர் டத்தோ. அரசாங்கத்தில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் மாதிரி, தான் நாற்காலியில் உட்கார்ந்தால் மற்றவர்கள் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஜென்மம் என்பதால் அக்காவின் மருமகன் வைத்த பெயர். வழியெல்லாம் கஸ்தூரி கூடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அறுபது வயதில் அவளுக்கு ஒரு பூனை! ஜெயபாலன் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

ஆசை அறுபது நாள் என்பார்கள். இங்கே ஆறு நாள்கூடத் தாங்காது போலிருந்தது. முதல் நாள் பால் வைத்தபோது கஸ்தூரியின் மணிக்கட்டில் ஒரு கடி. மறுநாள் தடவப்போய் இரண்டு. பக்கத்து வீட்டு ஷாமளா ஆசையாக ஒரு துண்டு மீன் நீட்டி, மீனோடு விரலையும் கொடுத்து அலறினாள். வெள்ளிக்கிழமை ஜெயபாலன் கெம்போங் மீனை முள் எடுத்துக் கையில் வைத்துக் குழைந்தார். டத்தோ அவர் பெருவிரலில் நான்கு பல்லையும் இறக்கியது. கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, விரலில் கட்டோடு திரும்பிய மனிதர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம்.

"இன்னும் ஒரு கடி, கஸ்தூரி. ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நானே பாசார்ல கொண்டுபோய் விட்டுருவேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். நாற்காலிக்கடியில் உட்கார்ந்திருந்த டத்தோவைப் பார்த்தபோது கஸ்தூரிக்குப் பூனைமேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. தொழிற்சாலையில் ஒரு பலகை வேலை செய்யவில்லை என்றால் யாராவது பலகையைத் திட்டுவார்களா? பழுது எங்கே என்றுதான் பார்ப்பார்கள். இருபத்தேழு வருஷம் செய்ததை ஒரு வாரமாக மறந்து கிடந்திருக்கிறாள்.

எழுந்து போய்ச் சுவரிலிருந்த, குதிரைப் பந்தய நாள் போட்ட காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்தாள். பின்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் பூனை எப்படித் தெரியுமோ அப்படி ஒரு உருவம் வரைந்தாள். பூனை மாதிரி இல்லை, வெண்டைக்காய் மாதிரி இருந்தது. பரவாயில்லை. ஒவ்வொரு கடியாக நினைவுபடுத்தி, கை எந்தப் பக்கமிருந்து போனதோ அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். ஷாமளாவைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டு விசாரித்தாள். ஜெயபாலனை நிற்கவைத்து, மீனை நீட்டியது போலவே மறுபடி நீட்டிக்காட்டச் சொன்னாள். மனிதர் பொருமிக்கொண்டே நீட்டினார். பொந்தியானுக்குப் போன் போட்டு அக்காவிடமும் ஆறு பழைய கடிகளைக் கேட்டு வாங்கினாள்.

மொத்தம் பதினொரு புள்ளி. பதினொன்றும் இடது பக்கம். வலது பக்கத்தில் மருந்துக்கு ஒன்றுகூட இல்லை.

தொழிற்சாலையில் இப்படிப் புள்ளிகள் ஒரே ஓரத்தில் குவிந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். மெல்லத் தரையில் உட்கார்ந்து, டத்தோவின் இடது கண்ணருகே விரலை ஆட்டினாள். இமை அசையவில்லை. வலப்பக்கம் ஆட்டினாள். டக்கென்று கண் சிமிட்டியது. பாவம், அதற்கு இடது கண் தெரியவில்லை! அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கை ஒவ்வொன்றும் அதற்கு வானத்திலிருந்து விழுகிற கை. பயத்தில் கடித்ததைப் பதினொரு வருஷமாகத் திமிர் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் எல்லாரும் எப்படி அதே பக்கம் கையை நீட்டினார்கள்? அவள் தன் இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். விளங்கியதும் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டாள். எதிரில் நிற்கிறவரின் வலது கை பூனைக்கு இடது பக்கம்தானே போகும்? சோறு போடுவது, பால் வைப்பது, பிரியமாகத் தடவுவது, எதையுமே நம் வீடுகளில் பீச்சாங்கையால் செய்வதில்லை. நாய்க்குப் போடுகிற சோற்றைக்கூட வலது கையால்தான் போடுவாள் அவள் அம்மா. மரியாதை, மரியாதை என்று ஒரு குடும்பமே அந்தப் பூனையின் உயிரை வாங்கியிருக்கிறது.

மீன் துண்டு ஒன்றை எடுத்தாள். இடது கையால் நீட்ட வேண்டும். கை வரவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "டத்தோ, வர்றேன்" என்று சொல்லி நீட்டினாள். டத்தோ முகர்ந்தது. மீனை மட்டும் எடுத்துக்கொண்டது. விரலை ஒரு நக்கு நக்கியது. கஸ்தூரி எழுந்து உள்ளே ஓடி, பெருவிரல் வீங்கிய ஜெயபாலனின் தோளைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

மறுநாளே குளுவாங்கில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். பழைய சண்டைக் காயம், இடது கண் போய்விட்டது, இடது காதும் மந்தம் என்றார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்: குரல் கொடுத்துவிட்டு, வலப்பக்கமாக, இடது கையால். ஜெயபாலன் ஒவ்வொரு தடவையும் இடுப்பை வளைத்து, "டத்தோ, உத்தரவு" என்பார். இரண்டு வாரம், ஒரு கடி இல்லை. மூன்றாவது வாரம் அது கஸ்தூரியின் மடியில் ஏறிப் படுத்தது. கால் மரத்துப்போய் ஊசி குத்தியும், அவள் ஒரு மணி நேரம் அசையவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும். சந்தோஷம் தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டுப் புள்ளி, கண், இடது கை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து இறங்கினாள். கையில் புதுப் பூனைக்கூடை.

அக்கா சோபாவில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடியே குரல் கொடுத்து, கூச்சத்தோடு இடது கையை நீட்டினாள். டத்தோ போய் அவள் மடியில் ஏறியது. அக்காவின் கண் கலங்கிவிட்டது. எத்தனை தரம் துடைப்பத்தால் அடித்திருப்பேன் என்று சொல்லிச் சொல்லித் தடவினாள். பிறகு, பேரப்பிள்ளையும் ஆசைப்படுகிறான், இப்போதுதான் கடிப்பதில்லையே, கொண்டுபோகிறேன் என்றாள். கேட்கவில்லை. சொன்னாள்.

சரி அக்கா என்ற சொல் கஸ்தூரியின் தொண்டை வரை வந்துவிட்டது. அறுபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? ஜெயபாலன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ வேணாம்னு குடுத்ததெல்லாம் வாங்கிக்கிட்டேன், அக்கா. எனக்கு இது வேணும்னு ஒருநாளும் கேட்டதில்ல. இப்ப கேக்குறேன். டத்தோ எனக்கு வேணும்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள், யாரோ புது ஆளைப் பார்ப்பது போல.

"இத கேக்க ஒனக்கு இவ்வளவு வருஷமாச்சா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. குனிந்து டத்தோவின் நல்ல காதில் ஏதோ சொன்னாள். பிறகு அதைத் தூக்கி, தங்கையின் மடியில் வைத்தாள்.

கஸ்தூரிக்கு அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, அடக்கவே முடியவில்லை.