பயிற்சியாளரை நீக்கிய மதியம்

பென்டில் ஹில் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே மதியம், நான் விட்டுவந்த கனடாவில் இன்னும் நேற்றிரவு. தொடர்ந்து தோற்றுவரும் எங்கள் ஃபுட்போல் அணி, பயிற்சியாளரை நீக்கிவிட்டது. நண்பர்கள் அங்கிருந்து வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். ஒரே சோபாவில் நால்வர் துள்ளுகிறார்கள். நான் வழக்கமாக உட்காரும் மூலையில் ஜக்கெற்றுகள் குவிந்து கிடக்கின்றன.

அந்தப் பயிற்சியாளரின் பிழைகளை எண் போட்டுப் பட்டியலிட்டவள் நான். வீடியோவில் தோழி மாதுரி அதைச் சத்தமாக வாசிக்கிறாள். முப்பத்தொன்று: கொட்டும் மழையிலும் கறுப்புக் கண்ணாடி. அதற்கு மேல் வாசிக்க முடியாமல் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

கொத்து ரொட்டி கொண்டுவந்த கடைக்கார அன்ரி நின்று பார்க்கிறார்.

“என்ன பிள்ளை, தனிய இருந்து சிரிக்கிறீர்? கலியாணம் சரிவந்திட்டுதோ?”

“இல்லை அன்ரி. கனடாவில எங்கட ரீமின்ர கோச்சை நிப்பாட்டிட்டினம்.”

“ஐயோ, அந்தாள் பாவமெல்லே! இனியெண்டாலும் வெல்லுவினமோ?”

“தெரியேல்லை. சனிக்கிழமை இரவு மட்ச்.”

“அப்ப எங்களுக்கு ஞாயிறு. வந்து சொல்லும் என்ன. தோத்தாலும் வாரும், ஒரு ரோல்ஸ் சும்மா தாறன்.”

“ஓம் அன்ரி, வாறன்” என்கிறேன். நாளைக் காலையே வேலைக்காக மெல்பேர்ன் போகிறேன் என்று ஏனோ சொல்ல வாய் வரவில்லை.

அவர் உள்ளே போனதும் வீடியோவை மறுபடி போடுகிறேன். பட்டியல் வாசிக்கும் இடத்தில் சத்தத்தைக் கூட்டி, யாராவது என் பெயரைச் சொல்கிறார்களா என்று கேட்கிறேன்.